பன்னிரண்டாவது பை

மார்ச் 9

அன்புள்ள பொத்தானுக்கு,

இந்தப் பெயரால் உன்னை அழைக்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. சிறு வயதில் நீ சட்டைப் பொத்தானை விழுங்கிய கதையைச் சொல்லிச் சொல்லி உன் அக்கா உன்னை அப்படியே அழைத்தாள். எனக்கும் வேறு பெயர் வாயில் வருவதில்லை.

பதினோரு ஆண்டுகளாக நீ என்னிடம் பேசவில்லை. காரணம் எனக்குத் தெரியும். உன் தையல் கடைத் திறப்பு நாளில், செலவுக்குப் பணம் போட்டு வைக்க வரிசையாகப் பைகள் வைத்துத் தைத்து நீ சுவரில் மாட்டியிருந்த பைத்துணியைப் பார்த்து, "இது வரவு செலவா, கந்தல் மூட்டையா?" என்று வாடிக்கையாளர்கள் முன்னிலையில் கேட்டேன். வாழ்நாளில் நான் அடித்த ஒரே நகைச்சுவை அது. அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

உன் அக்கா போய் எட்டு மாதம் ஆகிறது. அவள் இருந்தவரை சம்பளக் கவரைப் பிரிக்காமல் அவள் கையில் கொடுத்துவிடுவேன். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள். இப்போது மகள் மாதா மாதம் என் ஓய்வூதியத்தை எடுத்துக் கவரில் போட்டுக் கொண்டுவந்து தருகிறாள். பெப்ரவரியில் நான் ஒரு நோட்டு வாங்கி, தேதி, நேரம், பொருள், எடை, விலை என்று ஐந்து பத்திகள் போட்டு, ஒரு தீப்பெட்டியைக்கூட விடாமல் எழுதினேன். நோட்டு மிக நன்றாக வந்திருக்கிறது. பணம் பத்தொன்பதாம் தேதியே தீர்ந்துவிட்டது.

முப்பத்தெட்டு ஆண்டுகள் வானிலை நிலையத்தில் மழை அளந்தவன் நான். அளப்பதால் மழை நிற்காது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மகள் சொல்லிவிட்டாள்: "அப்பா, உங்களைத் திட்டல. ஜூலை முடியற வரைக்கும் பாருங்க. அதுவரைக்கும் மாசக் கடைசி வரை ஓட்டிக் காட்டிட்டீங்கன்னா இங்கேயே இருங்க. முடியலன்னா எங்க வீட்டுப் பின் அறைக்கு வந்துடுங்க." அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். வானம் இல்லை. இங்கே நான் இருப்பது மூன்றாம் மாடி, மேலே மொட்டை மாடியில் என் சொந்த மழைமானி இருக்கிறது. தினமும் காலை எட்டரைக்கு இன்னும் அளந்து எழுதுகிறேன். அந்த நேரத்தில் பின்னால் உன் அக்கா துணி மடித்துக்கொண்டே ஏதோ ராகம் முணுமுணுப்பதுபோல் இருக்கும். அவள் எப்போதும் அப்படித்தான் முணுமுணுப்பாள், நினைவிருக்கிறதா?

உன் பைத்துணியைப் பற்றி எனக்குச் சொல்வாயா? தொலைபேசியில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. போனில் என் வாக்கியங்கள் முடிவதில்லை.

உன் அத்தான்


மார்ச் 20

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. இத்துடன் ஒரு பைத்துணி அனுப்பியிருக்கிறேன். பன்னிரண்டு பைகள். பதினொன்றில் நூலால் பெயர் போட்டிருக்கிறேன்: வாடகை, மின்சாரம், காய்கறி, பால், மருந்து, மற்றவை நீங்களே படித்துக்கொள்ளலாம். மாதம் பிறந்ததும் பணத்தைப் பங்கு போடுங்கள். எந்தப் பை காலியானதோ அந்தச் செலவு அந்த மாதம் முடிந்தது. இவ்வளவுதான் என் முறை.

கந்தல்தான். ஆனால் இந்தக் கந்தலை வைத்துத்தான் கடை வாடகை கொடுத்தேன், இரண்டு மெஷின் வாங்கினேன், பல் கட்டிக்கொண்டேன்.

பொத்தான்


ஏப்ரல் 4

அன்புள்ள பொத்தானுக்கு,

துணி வந்தது. தையலின் ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தேன். இதைக் கந்தல் என்று சொன்னவன் கண்ணாடி போடாமல் வந்திருக்க வேண்டும்.

உன் கடிதம் வருவதற்கு முன் நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்திருந்தேன். வருமானத்தில் பாதி அவசியத்துக்கு, பத்தில் மூன்று பங்கு ஆசைக்கு, மீதி சேமிப்புக்கு என்று அது சொல்கிறது. மிகத் தெளிவான முறை. ஆனால் முதல் நாளே தடுமாறிவிட்டேன். தேநீர் அவசியமா, ஆசையா? காலைத் தேநீர் அவசியம் என்றே வைத்துக்கொள்வோம். நாலு மணித் தேநீர்? யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததில் கையிலிருந்த தேநீர் ஆறிவிட்டது. ஆறிய தேநீர் எந்தக் கணக்கிலும் சேராது என்று கொட்டிவிட்டேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

துணியைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். காற்று வரும்போது பைகள் லேசாக ஊதி அடங்குகின்றன, தூங்குகிறவர்களின் வயிறு போல. கவரிலிருந்து எடுத்து எடுத்து ஒவ்வொன்றிலும் போட்டேன்.

ஒரு சந்தேகம். பன்னிரண்டாவது பையில் பெயர் இல்லையே? மறந்துவிட்டாயா? பெயர் தெரியாததால் அதில் எதுவும் போடவில்லை.

உன் அத்தான்


ஏப்ரல் 15

அத்தானுக்கு,

நான் தையல்காரி. காஜா எடுக்க மறந்தாலும் மறப்பேன், பெயர் போட மறக்கமாட்டேன். அது மறதி இல்லை. அது எதற்கு என்று நானும் சொல்லப்போவதில்லை.

நாலு மணித் தேநீரும் அவசியம்தான். அதற்கு ஒரு புத்தகமா?

ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மட்டும் எடுக்காதீர்கள். ஆரம்பித்தால் அது நிற்காது.

பொத்தான்


மே 11

அன்புள்ள பொத்தானுக்கு,

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் யோசித்தேன். நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி காய்கறிப் பை காலி. பசியாக இருந்தது. மின்சாரப் பையிலிருந்து கொஞ்சம் எடுத்தேன். எடுத்ததை மறந்துவிடக் கூடாது என்று ஒரு சீட்டு எழுதி அங்கே வைத்தேன்: "காய்கறிப் பை மின்சாரப் பைக்கு இவ்வளவு தர வேண்டும்." தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அப்படி வைத்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு பால் பை காய்கறிப் பைக்கு உதவியது. மருந்துப் பை பால் பைக்கு உதவியது. ஒரு பை மற்றொன்றுக்குத் தர வேண்டியதை மூன்றாவது பை ஏற்றுக்கொள்வதாகவும் சில சீட்டுகள் உண்டு. உன் கடிதம் இருபதாம் தேதி வந்தது. அப்போது சீட்டுகள் நாற்பதுக்கு மேல். எல்லாவற்றுக்கும் வரிசை எண் போட்டு ஓர் அட்டவணை தயாரித்தேன். அட்டவணையில் ஒரு பிழையும் இல்லை.

மின் கட்டண நாளில் மின்சாரப் பைக்குள் கை விட்டேன். பை நிறைந்திருந்தது, முழுக்கச் சீட்டுகளால்.

மே ஏழாம் தேதி காலை பத்து மணிக்கு ஒருவர் ஏணியோடு வந்து மின் இணைப்பைத் துண்டித்தார். "ஐயா, பெரியவர் வீடு, எனக்கே சங்கடமா இருக்கு," என்றார். அவரைத் தேற்றி அனுப்பினேன். அன்று மாலை மகள் வந்தாள். அந்தி வெளிச்சத்தில் பைத்துணியின் முன் நின்று சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அப்பா, உங்களுக்கு நீங்களே கடன் சீட்டு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கீங்க. யாருக்குக் காட்ட?"

கட்டணத்தை அவளே கட்டினாள். "ஜூலை வரைக்கும்னு சொன்னேன், அந்தப் பேச்சு பேச்சுதான். ஆனா பின் அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லிட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெளிச்சம் இல்லாத அந்த இரண்டு நாட்களும், சொன்னால் நம்பமாட்டாய், அழகாக இருந்தன. மத்தியானத் தூக்கத்தில் உன் அக்கா வந்தாள். மழைமானியின் கண்ணாடிக் குழாயை எடுத்துக் குழம்பு ருசி பார்ப்பதுபோல் ஒரு சொட்டைக் கையில் விட்டு நாக்கில் வைத்தாள். "போதும்," என்றாள். எது போதும் என்று கேட்பதற்குள் விழித்துவிட்டேன்.

அவள் நாற்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அவள் முறை என்னவென்று உனக்குத் தெரிந்திருக்கும். தயவுசெய்து எழுது. இனி எனக்கு வேறு வழி இல்லை.

உன் அத்தான்


மே 19

அத்தானுக்கு,

எழுதலாமா வேண்டாமா என்று மூன்று ரவிக்கை தைத்து முடிக்கும்வரை யோசித்தேன். ஒன்றில் கையை மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன்.

அக்கா தவறியதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கா எனக்கு மாதம் ஒரு கடிதம் போடுவாள். எப்போதும் மூன்றாவது வாரத்தில்தான் வரும். அது எந்த வாரம் என்று இப்போது உங்களுக்கே தெரியும். நோட்டு எழுதிப் பார்த்தாள், விட்டுவிட்டாள். டப்பாக்களில் பிரித்து வைத்துப் பார்த்தாள், உங்கள் மகள் எடுத்து விளையாடினாள். என் பைத்துணியும் ஒன்று வாங்கிப் போனாள், அதுவும் அவளுக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் மனதிலேயே வைத்துக்கொண்டாள். துணி மடிக்கும்போது முணுமுணுப்பாள் என்றீர்களே, அது ராகம் இல்லை அத்தான். கூட்டல். பால் இவ்வளவு, வாடகை இவ்வளவு, பிள்ளை செருப்பு இவ்வளவு.

ஒரு கடிதத்தில் அவள் எழுதியதை அப்படியே தருகிறேன். "கவரைப் பிரிக்காம குடுக்கறார். அதைப் பெருமையா நாலு பேர்கிட்ட சொல்லிக்கறார். உள்ள எவ்வளவு இருக்குன்னு பார்க்கவே அவருக்குப் பயம்டி. அந்தப் பயத்தையும் கவர்ல போட்டு ஒட்டி எங்கிட்ட குடுத்துட்டு, போய் மழையை அளக்கறார்."

நீங்கள் அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்திருந்தீர்கள். அவளுக்கு அது தனிமை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மகள் தரும் கவரை இதுவரை ஒரு மாதமாவது எண்ணிப் பார்த்தீர்களா?

பொத்தான்


ஜூன் 6

அத்தானுக்கு,

பதினெட்டு நாளாயிற்று. பதில் இல்லை.

அன்று எழுதியதில் பொய் இல்லை. ஆனால் உண்மையையும் ஓரம் மடித்துத் தைத்துத் தர வேண்டும், பிசிறோடு தந்துவிட்டேன். அதே கடிதத்தின் கீழே அவள் இன்னொரு வரியும் எழுதியிருந்தாள். கோபத்தில் அதை விட்டுவிட்டேன். "ஆனா பாரு, நான் ஒரு புடவை வாங்கினாக்கூட எதுக்குன்னு ஒரு நாள் கேட்டதில்ல. அந்த மனுஷனைத் திட்டவும் முடியல."

உடம்பு நன்றாக இருக்கிறதா என்று மட்டுமாவது எழுதுங்கள். ஒரு தபால் அட்டை போதும்.

பொத்தான்


ஜூன் 17

அன்புள்ள பொத்தானுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கேள்விக்குப் பதில்: இல்லை. ஒரு மாதமும் எண்ணியதில்லை.

ஐந்து பத்திகளில் தீப்பெட்டியை எழுதியவன், கையில் இருப்பது எவ்வளவு என்று பார்க்காமலே எழுதியிருக்கிறேன். பைகளிலும் எண்ணாமல்தான் போட்டேன். உன் கடிதம் வந்த பிறகு சில நாட்கள் மாடியில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முணுமுணுப்பை நான் நாற்பத்து நான்கு ஆண்டுகள் ராகம் என்று ரசித்தேன். அது என் காதை விட்டுப் போக மறுக்கிறது. போக வேண்டாம் என்றும் இருக்கிறது.

ஜூன் முதல் தேதி மகளிடம், "இந்த மாதம் நானே போகிறேன்," என்று சொல்லி வங்கிக்குப் போனேன். கவுன்டருக்கு முன்னாலேயே எண்ணினேன். இரண்டு முறை. பின்னால் இருந்தவர், "ஐயா, அது ஓடிடாது," என்றார். எண்ணி முடித்ததும் ஒன்று புரிந்தது. நான் பயந்த அளவுக்கு அது குறைவாகவும் இல்லை, நான் கனவு கண்ட அளவுக்கு அதிகமாகவும் இல்லை. அது ஒரு எண். எண்களோடு எனக்கு எப்போதும் சண்டை இருந்ததில்லை.

அங்கிருந்தே வாடகை, மின்சாரம், மருந்துக்குக் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டேன். மீதி முழுவதையும் நாணயமாகக் கேட்டேன். காசாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சார், பஸ் கண்டக்டர் வேலைக்குச் சேர்ந்துட்டீங்களா?"

என்னிடம் உயரமான ஒரு கண்ணாடி ஜாடி உண்டு. நிலையத்தில் விளிம்பில் விரிசல் விட்டதால் கழித்துப் போட்டது, நான் ஓய்வு பெற்றபோது கேட்டு வாங்கி வந்தேன். நாணயங்களை அதில் கொட்டி, வெளியே ஒரு காகிதப் பட்டை ஒட்டி, முப்பது கோடு போட்டேன். ஒரு நாளுக்கு ஒரு கோடு. தினமும் காலை எட்டரைக்கு மொட்டை மாடியில் மழையை அளந்துவிட்டுக் கீழே வந்து இதை அளக்கிறேன். நாணயங்கள் குவிந்து நிற்கும், லேசாகக் குலுக்கினால் மட்டமாகும். மட்டம் அன்றைய கோட்டுக்கு மேலே இருந்தால் நாலு மணித் தேநீர் உண்டு, பக்கத்துக் கடையில் பன்னும் உண்டு. கீழே இறங்கிவிட்டால் அன்று வீட்டில் இருப்பதைச் சமைப்பது. எதற்குச் செலவானது என்று எழுதுவதே இல்லை. என்ன மிச்சம் இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறேன். வாழ்நாள் முழுவதும் எனக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஒரு நாள் இரண்டு நாணயம் குறைந்தது. எங்கே போயின என்று தெரியவில்லை. பழைய வழக்கப்படி சட்டைப்பை, கட்டிலுக்கடி எல்லாம் தேட ஆரம்பித்துப் பாதியில் நின்றேன். நிலையத்தில் திறந்த தொட்டியில் நீர் குறைந்தால் யாரும் திருடனைத் தேடமாட்டோம். ஆவியாதல் என்று எழுதுவோம். ஒரு நாளைக்கு இரண்டு நாணயம் ஆவியாகலாம் என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துவிட்டேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

காய்கறிக்காரர் எனக்குப் பெயரே மாற்றிவிட்டார். "வழி விடுங்கப்பா, சில்லறை ஐயா வந்துட்டார்!" என்கிறார். சில்லறை தட்டுப்பாடு என்பதால் ஒரு கொத்துமல்லி இலவசம்.

உன் அக்கா எழுதிய இரண்டாவது வரிக்கு நன்றி. புடவை எதற்கு என்று நான் கேட்காதது பெருந்தன்மை இல்லை, விலை தெரியப் பயம். ஆனால் அவள் அப்படி நினைத்திருந்தால், அப்படியே இருக்கட்டும்.

உன் அத்தான்


ஜூலை 2

அத்தானுக்கு,

கடிதத்தைக் கடையில் சத்தமாகப் படித்தேன். கண்டக்டர் என்று வரும் இடத்தில், பட்டி தைக்க என்னிடம் வேலைக்கு வரும் அம்மாள் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த குண்டூசி விழுந்துவிட்டது. இன்னும் தேடுகிறோம். ஆவியாதல் என்று எழுதட்டுமா?

உங்களுக்கு என் முறை ஒத்துவராது என்று எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். ஒருவர் அளவுக்கு வெட்டியதை இன்னொருவருக்குப் போட்டால் தோளில் இறுக்கும். அக்காவுக்கும் இறுக்கியது.

துணியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாவது பைக்கு அக்காவிடமும் நான் பெயர் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. மற்றப் பைகளை விட்டுவிட்ட பிறகும் மாதா மாதம் அதில் மட்டும் கொஞ்சம் போட்டு வந்தாள். ஆனால் கடைத் திறப்புக்குப் பிறகு அதை எடுக்க அவளுக்கு வாய்ப்பு வரவில்லை.

ஜூலை முடியும் நாளில் என்ன ஆகிறது என்று உடனே எழுதுங்கள். அதுவரை எனக்கு ஊசியில் நூல் ஏறாது.

பொத்தான்


ஆகஸ்ட் 1

அன்புள்ள பொத்தானுக்கு,

நேற்று மகள் காலையிலேயே வந்தாள். எட்டு இருபது. தன் மருந்துக் கடையைத் திறக்கப் போகும் வழியில் கைப்பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். விடியற்காலையில் தூறியிருந்தது, இரண்டு புள்ளி நான்கு மில்லிமீட்டர். அதை எழுதிவிட்டுக் கீழே வந்தேன். ஜாடியைக் காட்டி, "நீயே பார்," என்றேன்.

அவள் தரையில் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடி, கண்ணை மட்டத்துக்கு நேராகக் கொண்டுவந்தாள். மேலிருந்து பார்த்தால் அளவு தப்பும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் வியந்தேன். பிறகு நினைவுக்கு வந்தது. பள்ளிக்குப் போகும் வயதில் என்னோடு மாடிக்கு வந்து இப்படித்தான் நிற்பாள்.

"அப்பா, கடைசிக் கோட்டுக்கு மேல நாலு கோடு இருக்கு."

"குலுக்கிப் பார்த்தியா?"

குலுக்கினாள். மறுபடி கண்ணை மூடினாள்.

"மூணே முக்கால்."

"மூணே முக்கால்தான் சரி."

"நாலுன்னே சொல்லியிருக்கலாமே, நான் என்ன பரீட்சையா வைக்கறேன்?" என்று சொல்லிவிட்டு, எழாமல் அங்கேயே உட்கார்ந்து ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் நாணயங்களில் பட்டு அவள் முகத்தில் சிறு சிறு வட்டங்களாக அசைந்தது. "ஜூன்ல?" என்று கேட்டாள். மூன்று கோடு மிஞ்சியது, தனியே எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "பின் அறையில மருந்து அட்டைப்பெட்டி அடுக்கிக்கறோம்பா. ரொம்ப நாளா இடம் இல்லாம கஷ்டம்," என்றாள். வாசல் வரை போய்த் திரும்பி, "வெள்ளையடிச்ச காசு ஆவியாதல்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ஆக, நான் இங்கேயே இருக்கிறேன்.

அவள் போன பிறகு துணி மடித்தேன். மடிக்கும்போது ஒரு முணுமுணுப்பு கேட்டது. கனவு இல்லை, பகல் ஒன்பது மணி. என் வாய்தான். பால் இவ்வளவு, பன் இவ்வளவு. உன் அக்கா அளவுக்கு ராகம் வரவில்லை.

உன் பைத்துணி கதவுக்குப் பின்னாலேயே இருக்கிறது. மூக்குக் கண்ணாடி, சாவி, ரசீதுகள், பழைய பென்சில்கள் என்று பதினொன்றுக்கும் குடிவந்தாயிற்று. அவற்றில் காசு இல்லை. ஜாடியில் மிஞ்சிய இரண்டு மாதத்து நாணயங்களைப் பன்னிரண்டாவது பையில் போட்டேன். அதன் பெயரை நானும் யாரிடமும் சொல்லவில்லை. துணியே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. எண்ணவில்லை. கையால் தூக்கிப் பார்த்தேன். ரயிலுக்குப் போதும் போலிருக்கிறது. டிக்கெட் கொடுப்பவர் எண்ணிக்கொள்ளட்டும்.

அடுத்த சனிக்கிழமை வருகிறேன். இரண்டு நாள் மழையை மகள் அளப்பாள், எட்டரைக்கு, மண்டியிட்டு.

உன் கடையில் சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கூட்டம் அதிகமாக இருக்கும் என்று உடனே ஓர் அட்டை போடு. அந்த நேரமாகப் பார்த்து வருகிறேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் வாடிக்கையாளர்கள் முன்னிலையில் சொன்னேன். இதையும் அவர்கள் முன்னிலையில்தான் சொல்ல வேண்டும். வாக்கியம் முடியாவிட்டால் பொறுத்துக்கொள்.

உன் அத்தான்